அளவறிந்த இயக்கம்

நுழையும்முன்

நோயுற்றவர் அசையாமல் ஓய்ந்திருக்க வேண்டும் என்பது நெடுங்கால நம்பிக்கை. நோய் தணிந்ததும் முன்போலவே உழைத்துவிடலாம் என்பது மற்றொரு நம்பிக்கை. நீரிழிவு, இதயநோய், மூச்சடைப்பு, மூட்டுத்தேய்வு போன்ற நாட்பட்ட நோய்களோடு வாழ்பவர்களுக்கு இவ்விரண்டும் தீங்கு விளைப்பன. இயக்கமும் ஒரு மருந்தே. மருந்துக்கு அளவு உண்டு. அந்த அளவைக் கண்டறியும் முறையை வடசென்னையின் வாழ்க்கைப் பின்னணியில் விளக்குகிறது இப்பாடம்.

விம்கோ நகரில் ஒரு வீடு

சென்னையின் வடபகுதியில், திருவொற்றியூரை ஒட்டி எண்ணூர் நோக்கிச் செல்லும் வழியில் அமைந்துள்ளது விம்கோ நகர். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்னும் தீப்பெட்டி நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கமே 'விம்கோ' என்பது. ஆலையின் பெயரையே ஊரின் பெயராகக் கொண்ட இப்பகுதிக்கு 2021 பிப்ரவரி 14 அன்று மெட்ரோ தொடர்வண்டி வந்து சேர்ந்தது. தெற்கே சென்னைத் துறைமுகம், மேற்கே மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, வடக்கே எண்ணூரின் அனல்மின் நிலையங்கள் எனத் தொழிற்கூடங்கள் சூழ்ந்த இப்பகுதியின் மக்கள் பலர் உடலுழைப்பையே முதலாகக் கொண்டு வாழ்ந்தவர்கள்.

இத்தகைய வாழ்க்கை வாழ்ந்த அறுபது வயது முதியவர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்து பார்க்கலாம். முப்பது ஆண்டுகள் சுமை தூக்கி உழைத்தவர் அவர். பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளன. மூன்று மாதங்களுக்குமுன் மாரடைப்பு ஏற்பட்டு, இதயத்தின் இரத்தக்குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டு வீடு திரும்பினார். முதல் இரண்டு மாதங்கள் கட்டிலைவிட்டு அவர் அதிகம் எழவில்லை. நடந்தால் மீண்டும் நெஞ்சு வலிக்கும் என்ற அச்சமே காரணம். மூன்றாம் மாதத்தில் உடல் தேறிவிட்டதாக எண்ணி, இரண்டு குடம் தண்ணீரை மாடிக்குச் சுமந்தார். ஒரு குடம் 15 லிட்டர் கொள்ளும் என்றால் அவர் சுமந்தது 30 கிலோ எடை. பாதிப்படியிலேயே மூச்சிரைத்து அமர்ந்துவிட்டார்.

முதலில் செய்தது மிகைஓய்வு. பின்னர் செய்தது மிகைஉழைப்பு. இரண்டு பிழைகளுக்கும் வேர் ஒன்றுதான்: தம் உடலின் இன்றைய அளவை அறியாமை. அவர் எவ்வளவு நடக்கலாம், எவ்வளவு விரைவாக நடக்கலாம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்னும் வினாக்களுக்கு விடை காண்பதே மறுவாழ்வு மருத்துவத்தின் பணியாகும்.

ஓய்வு என்னும் பழைய மருந்து

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மாரடைப்புக்கு ஆளானோர் பல வாரங்கள் படுக்கையிலேயே கிடத்தப்பட்டனர். இதற்கு மாறான ஒரு குறிப்பு முன்பே கிடைத்திருந்தது. இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டனின் மருத்துவக் குறிப்புகள் 1802இல் நூலாக வெளிவந்தன. மார்பு இறுக்க நோயாளி ஒருவர் நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுத்துவந்ததாகவும், அவருடைய நோய் பெரும்பாலும் நீங்கியதாகவும் அந்நூல் கூறுகிறது. ஆயினும் 1952இல்தான் அமெரிக்க மருத்துவர்களான சாமுவேல் லெவின், பெர்னார்ட் லவுன் ஆகியோர் மாரடைப்பு நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் அமர்த்தும் முறையை வெளியிட்டனர். அமர்தல், நிற்றல், நடத்தல் எனப் பிற்காலத்தில் வளர்ந்த இதய மறுவாழ்வுக்கு அந்நாற்காலி ஒரு தொடக்கமாயிற்று.

ஓய்வைப் பற்றிய எண்ணம் மாறியதில் சென்னைக்கும் பங்குண்டு. காசநோயாளிகளுக்கு மருத்துவமனையில் நீண்ட படுக்கை ஓய்வு இன்றியமையாதது எனக் கருதப்பட்ட காலத்தில், 1956இல் இங்குக் காசநோய் வேதிமருத்துவ மையம் நிறுவப்பட்டது. நோயாளிகளுள் ஒரு பகுதியினர் மருத்துவமனையில் தங்கியும், மற்றொரு பகுதியினர் தத்தம் எளிய வீடுகளில் இருந்தும் ஒரே மருந்துகளை உட்கொண்டனர். 1959இல் வெளியான முடிவுகளின்படி, வீட்டில் இருந்தோரும் மருத்துவமனையில் இருந்தோருக்கு இணையாகக் குணமடைந்தனர். நோயைத் தீர்த்தது மருந்தேயன்றிப் படுக்கை ஓய்வு அன்று என்பது தெளிவாயிற்று.

மிகைஓய்வு உடலை எவ்வளவு நலிவிக்கும் என்பதை 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்த ஆய்வு காட்டியது. நலமுள்ள இருபது வயது இளைஞர் ஐவர் மூன்று வாரங்கள் படுக்கையிலேயே இருந்தனர். கடும் உழைப்பின்போது அவர்களின் உடல் உயிர்வளியைப் பயன்படுத்தும் ஆற்றல் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்குப்பின் அதே ஐவரும் மீண்டும் ஆராயப்பட்டனர். முப்பது ஆண்டுகால முதுமை அவர்களிடம் ஏற்படுத்திய இழப்பைவிட, மூன்று வாரப் படுக்கை ஏற்படுத்திய இழப்பே பெரிதாக இருந்தது. விம்கோ நகர் முதியவர் மாடிப்படியில் தளர்ந்து அமர்ந்ததற்கு மாரடைப்பு மட்டுமன்றி, இரண்டு மாதக் கட்டிலும் காரணம் என்பதை இதனால் உணரலாம்.

தெரிந்து தெளிவோம்

பேராசிரியர் எம். விசுவநாதன் 1948இல் வடசென்னையின் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவு நோய்க்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் நீரிழிவு மருத்துவமனையை நிறுவினார்.

சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டோரிடம் நீரிழிவு தோன்றும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது.

மூன்று அளவுகள்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. மருத்துவர் எண்ணிப்பார்க்க வேண்டியவை மூன்று என்று அவ்வதிகாரத்தில் வள்ளுவர் வரையறுக்கிறார். நோயுற்றவரின் அளவு, நோயின் அளவு, காலம் என்பவையே அம்மூன்று. இன்றைய இயன்முறை மருத்துவர் உடற்பயிற்சித் திட்டம் வகுக்கும்போது பின்பற்றும் வழியும் இதுவேயாகும்.

நோயுற்றவரின் அளவு

திட்டம் வகுக்கும் முன்னர் மருத்துவர் நோயாளியின் நோய் வரலாற்றையும் உட்கொள்ளும் மருந்துகளையும் கேட்டறிகிறார். இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, சர்க்கரை அளவு, பாதங்களின் உணர்ச்சி ஆகியவற்றை ஆராய்கிறார். தேவையெனில் இதயமின் வரைபடமும், மருத்துவக் கண்காணிப்பில் டிரெட்மில் சோதனையும் எடுக்கப்படும்.

பின்னர், நோயாளியால் இன்று என்ன இயலும் என்பது அளக்கப்படுகிறது. இதற்குப் பரவலாகப் பயன்படுவது ஆறு நிமிட நடைச்சோதனை. 30 மீட்டர் நீளமுள்ள சமதளப் பாதையில் ஆறு நிமிடங்களில் தம்மால் இயன்ற தொலைவு நோயாளி நடப்பார். இடையே நின்று இளைப்பாறவும் இசைவு உண்டு. நடந்த தொலைவே அவருடைய தொடக்க அளவு. வீட்டில் இடம் போதாதபோது, நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் 30 நொடிகளில் எத்தனைமுறை எழுந்து அமர முடிகிறது எனக் கணக்கிடலாம். அதற்குக் கைக்கடிகாரம் ஒன்றே போதும். ஆனால் அருகில் ஒருவர் துணை நிற்க வேண்டும்.

பயிற்சியின் கடுமையை இதயத் துடிப்பைக் கொண்டு கணிப்பது ஒரு முறை. பின்லாந்து அறிஞர் மார்ட்டி கார்வோனன் 1957இல் இதற்கு வழி வகுத்தார். 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். அறுபது வயதினருக்கு அது 160. ஓய்வுநிலைத் துடிப்பு 80 எனில், இரண்டுக்கும் இடைப்பட்ட 80 துடிப்புகளே அவருடைய சேமிப்பு. அச்சேமிப்பில் 40 விழுக்காடான 32ஐ ஓய்வுநிலைத் துடிப்புடன் கூட்டினால் 112 வரும். மிதமான பயிற்சி ஏறத்தாழ இந்த எண்ணில் தொடங்குகிறது.

ஆயினும் எண் எல்லோருக்கும் பொருந்தாது. மாரடைப்புக்குப்பின் பலருக்குப் பீட்டா தடுப்பு மருந்து அளிக்கப்படுகிறது. அது இதயத் துடிப்பைத் தணித்துவைக்கும். அம்மருந்தை உட்கொள்பவர் 112ஐ எட்ட முயன்றால் தம் ஆற்றலுக்கு மீறி உழைக்க நேரிடும். இத்தகையோருக்குச் சுவீடன் உளவியலறிஞர் குன்னர் போர்க் உருவாக்கிய உணர்வு அளவுகோல் உதவுகிறது. அதில் 6 என்பது உழைப்பே இல்லாத நிலை. 20 என்பது உடல் தாங்கும் எல்லை. மறுவாழ்வின் தொடக்கத்தில் 11 முதல் 13 வரை, அதாவது 'எளிது' என்பதற்கும் 'சற்றுக் கடினம்' என்பதற்கும் இடையே இருப்பது பொருத்தமானது. இதனினும் எளிய வழி பேச்சுச் சோதனை. நடந்துகொண்டே இயல்பாகப் பேச முடிய வேண்டும். இரண்டு சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் நடையின் வேகம் மிகுந்துவிட்டது என்பது பொருள்.

நோயின் அளவு

ஒவ்வொரு நோயும் பயிற்சியிடம் ஒவ்வொரு எச்சரிக்கையை வேண்டுகிறது.

இதயநோயாளிகள் பயிற்சியைத் திடீரெனத் தொடங்கவோ திடீரென நிறுத்தவோ கூடாது. ஐந்து முதல் பத்து நிமிடங்கள் மெல்ல நடந்து உடலை ஆயத்தப்படுத்த வேண்டும்; முடிக்கும்போதும் அவ்வாறே வேகத்தைப் படிப்படியாகத் தணிக்க வேண்டும். எடை தூக்கும்போது மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென உயரும். ஆகவே முயலும்போது மூச்சை வெளிவிடப் பழக வேண்டும். ஓய்வுநிலையிலேயே இரத்த அழுத்தம் 180/110ஐத் தாண்டினால் அன்று பயிற்சியைத் தவிர்த்து மருத்துவரை அணுக வேண்டும்.

நீரிழிவு நோயாளிகளின் தசைகள் இயங்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்கின்றன. இது நன்மையே. ஆனால் இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவு மிகத் தாழ்ந்துவிடக்கூடும். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் பயிற்சியைத் தொடங்கலாகாது. முதலில் அதை உயர்த்த வேண்டும். வெறும் வயிற்றில் நெடுந்தொலைவு நடப்பதைத் தவிர்த்து, சட்டைப்பையில் சிறிது சர்க்கரையோ குளுக்கோசோ வைத்திருப்பது காப்பாகும்.

பாத நரம்புகள் உணர்வு குன்றியிருந்தால் கல் குத்துவதும் சூடு படுவதும் தெரியாது. திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலின் திருச்சுற்று, வாகனங்கள் இல்லாத அகன்ற இடம். எனினும் நண்பகல் வெயிலில் சூடேறிய கல்தளத்தில் வெறுங்காலுடன் நடந்தால், உணர்வற்ற பாதம் கொப்பளித்த பின்னரே ஒருவர் அதனை அறிவார். எனவே அத்தகையோர் நடைப்பயிற்சிக்குக் காலணி அணிந்து நடக்கக்கூடிய இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். நடந்து முடித்ததும் பாதங்களைப் பார்வையிட வேண்டும்.

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்கள் சற்று நடந்து, சற்று நின்று, மீண்டும் நடக்கும் முறையைக் கைக்கொள்ளலாம். மூக்கின் வழியே மூச்சை இழுத்து, உதடுகளைக் குவித்து மெல்ல வெளியேற்றுவது மூச்சுத்திணறலைத் தணிக்கும். மூட்டுத்தேய்வு உள்ளவர்களுக்குச் சிறிய வலி தோன்றுவது இயல்பு. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழிந்த பின்னும் வலி முன்னிருந்ததைவிட மிகுந்திருந்தால், அடுத்த நாள் பயிற்சியைக் குறைக்க வேண்டும்.

காலத்தின் அளவு

காலம் என்பது பொழுதையும் பருவத்தையும் மட்டுமன்றி, நோய் வந்து எவ்வளவு காலமாயிற்று என்பதையும் குறிக்கும். நெஞ்சைத் திறந்து அறுவை மருத்துவம் செய்துகொண்டவருக்கு மார்பெலும்பு கூடும்வரை கனமான எடை தூக்கத் தடை உண்டு. ஸ்டென்ட் பொருத்தப்பட்டவருக்கு நெறி வேறு. இருவரும் ஒரே தெருவில் வாழ்ந்தாலும் ஒருவருடைய திட்டத்தை மற்றவர் பின்பற்றலாகாது.

கடற்கரையை ஒட்டிய வடசென்னையில் காற்றின் ஈரப்பதம் மிகுதி. வியர்வை எளிதில் உலராததால் உடல் வெப்பம் தணிவதில்லை. அதே தொலைவு நடந்தாலும் இதயம் மிகுதியாக உழைக்கிறது. ஆகவே கோடையில் வெயிலேறும் முன் நடப்பது நன்று. எண்ணூர் விரைவுச்சாலை சரக்குப் பெட்டக லாரிகள் ஓடும் சாலை. அதன் புழுதியும் புகையும் மூச்சடைப்பு உள்ளவர்களுக்கு ஏற்றவையல்ல. தெருவின் உட்பகுதியோ பூங்காவோ ஏற்றது. காற்றில் புகை மிகுந்த நாள்களில் வீட்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் கால்களை உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சி செய்யலாம். காய்ச்சல் கண்ட நாளில் பயிற்சிக்கு விடுமுறை அளிக்க வேண்டும்.

திட்டம் உருப்பெறுதல்

இம்மூன்று அளவுகளையும் கருதி, மருத்துவரின் இசைவுடன் விம்கோ நகர் முதியவருக்கு இயன்முறை மருத்துவர் வகுக்கும் திட்டம் இவ்வாறு அமையக்கூடும். முதல் வாரத்தில் நாளொன்றுக்கு மூன்று வேளை, வேளைக்கு ஐந்து நிமிட நடை. வாரத்தில் ஐந்து நாள்கள் நடந்தால் மொத்தம் 75 நிமிடங்கள். அது தளர்ச்சியின்றி இயலுமாயின் அடுத்த வாரம் வேளைக்கு ஏழு நிமிடம். அதற்கடுத்து, வேளைக்குப் பத்து நிமிடம். மூன்று வேளைகளைப் பின்னர் இரண்டாகவும், இறுதியில் ஒன்றாகவும் இணைத்தால், சில வாரங்களில் அவர் தொடர்ந்து 30 நிமிடங்கள் நடப்பவராவார். அப்போது வாரத்தின் கூட்டுத்தொகை 150 நிமிடங்கள். உலக நலவாழ்வு அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாட்பட்ட நோயுள்ள பெரியவர்களுக்கும் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கத்தைப் பரிந்துரைக்கிறது.

இதில் கருத வேண்டிய நெறி ஒன்றுண்டு. முதலில் நேரத்தைக் கூட்ட வேண்டும். வேகத்தைப் பின்னரே கூட்ட வேண்டும். இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டலாகாது. இடையில் நோயுற்று ஒரு வாரம் நின்றுபோனால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் ஒரு படி கீழிறங்கித் தொடங்க வேண்டும்.

நடையோடு தசை வலிமைக்கான பயிற்சியும் தேவை. வாரத்தில் இரண்டு நாள்கள், இடையில் ஒரு நாளேனும் விட்டு, நாற்காலியிலிருந்து எழுந்தமர்தல், சுவரில் கையூன்றித் தள்ளுதல் ஆகியவற்றைப் பத்து முதல் பதினைந்து முறை செய்யலாம். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியே ஒரு கிலோ எடைக்கருவியாகும். முதுமையில் விழுதலைத் தடுக்கச் சுவரோரமாக நின்று உடற்சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும். முப்பது கிலோ சுமந்து தோற்றவர் ஒரு கிலோவில் தொடங்குவது தாழ்வன்று. சுமையின்றி மாடி ஏறி இறங்குவதே அவருடைய முதல் இலக்கு. அவ்விலக்கு கைகூடியபின் அடுத்த இலக்கை மருத்துவரோடு கலந்து வகுக்கலாம்.

நிறுத்த வேண்டிய இடம்

பாதுகாப்பான திட்டம், தொடங்குவதைச் சொல்வதோடு நிறுத்துவதையும் சொல்ல வேண்டும். மார்பில் இறுக்கம், இடத்தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, பேச முடியாத மூச்சிரைப்பு, தலைச்சுற்றல், குளிர்ந்த வியர்வை, சீரற்ற படபடப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே நின்று அமர வேண்டும். மார்பு வலி தணியாவிடில் காலம் தாழ்த்தாமல் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். கை நடுக்கம், கடும்பசி, குழப்பம் ஆகியவை சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகள். நினைவோடு இருப்பவருக்கு உடனே இனிப்பு அளிக்க வேண்டும். உடல் தரும் இவ்வெச்சரிக்கைகளை மதித்து நிற்பது கோழைமையன்று. மறுநாளும் நடப்பதற்கான வழியாகும்.

வாயிலுக்கு வந்த மருத்துவம்

வாரந்தோறும் மருத்துவமனைக்குச் செல்ல இயலாதோர் பலர். கூலியை இழந்து உடன்வர ஒருவர் வேண்டும். பயணச் செலவும் உண்டு. இக்குறையைப் போக்கும் நோக்கில், தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டு 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளோடு இயன்முறை மருத்துவமும் நோயாளியின் வீடு தேடிச் செல்ல இத்திட்டம் வழிசெய்தது. தொற்றாநோய்த் தடுப்புப் பணிக்காக ஐக்கிய நாடுகள் அவையின் பல்துறைப் பணிக்குழு வழங்கும் விருதை இது 2024இல் பெற்றது.

வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர் ஆய்வுக்கூடத்தில் காணாதவற்றையும் காண்கிறார். மாடிப்படியின் உயரம், கைப்பிடி இல்லாத சுவர், வழுக்கும் குளியலறைத் தரை, குடம் நிரப்ப வேண்டிய குழாயின் தொலைவு ஆகிய அனைத்தும் திட்டத்தின் பகுதிகளாகின்றன. அவர் சென்றபின் மற்ற நாள்களில் திட்டத்தைக் காப்பவர் வீட்டிலுள்ளோரே. மருத்துவத்தின் நான்கு உறுப்புகளுள் ஒருவராக நோயாளியின் அருகிருந்து பேணுபவரையும் வள்ளுவர் வைத்தது இதனால்தான் பொருத்தமாகிறது. தாத்தா எத்தனைமுறை எழுந்தமர்ந்தார் என எண்ணிக் குறிப்பேட்டில் எழுதும் பெயர்த்தியும், பேசிக்கொண்டே உடன்நடந்து அவர் மூச்சைக் கவனிக்கும் பெயரனும் அவ்வுறுப்பினரே.

நாட்பட்ட நோய் பெரும்பாலும் முற்றிலும் நீங்குவதில்லை. ஆனால் அதனோடு வாழும் நாள்கள் கட்டிலில் கழிய வேண்டியதில்லை. நேற்றைய வலிமையை நினைந்து இன்றைய உடலை வருத்தாமலும், நேற்றைய வலியை நினைந்து அதை முடக்காமலும், இன்று இயன்ற அளவில் தொடங்குவதே மறுவாழ்வின் முதற்படி.

கற்பவை கற்றபின்...

1. வீட்டிலோ அண்டையிலோ உள்ள முதியவர் ஒருவரிடம், நோயுற்ற காலத்தில் அவர் எவ்வாறு ஓய்வெடுத்தார், எவ்வாறு மீண்டும் நடக்கத் தொடங்கினார் என்பதைக் கேட்டறிந்து ஒருபக்க அளவில் எழுதுக.
2. பள்ளிக்கு அருகில் முதியோர் பாதுகாப்பாக நடப்பதற்கேற்ற இடங்களையும், அங்குள்ள இடையூறுகளையும் பட்டியலிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

நம்மை அளவிடுவோம்

குறுவினா
1. 'விம்கோ' என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது?
2. பேச்சுச் சோதனை என்பது யாது?

சிறுவினா
1. இதயத் துடிப்பு எண் எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தாமைக்குக் காரணம் கூறுக.
2. நீரிழிவு நோயாளிகள் நடைப்பயிற்சியில் மேற்கொள்ள வேண்டிய காப்புகளைத் தொகுத்து எழுதுக.

நெடுவினா
வள்ளுவர் கூறும் மூன்று அளவுகள் இன்றைய மறுவாழ்வு உடற்பயிற்சித் திட்டத்திற்கு எவ்வாறு பொருந்துகின்றன என்பதைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.